ஒச்சப்பன் வாங்கிய கல்யாணக் குதிரை

இரண்டு சக்கரத்தில் ஓடும் எதுவும் ஒச்சப்பனுக்கு வசப்படவில்லை. சைக்கிள் பழகப் போய் முன்பல் ஒன்று போயிற்று. டிவிஎஸ் பழகப் போய் அச்சங்குளம் ஓடைக்குள் வண்டியோடு இறங்கினான். நாற்பதைத் தாண்டியும் பட்டாசுக் கம்பெனிக்கு அவன் போவது மனைவியின் வண்டியில்தான். கருப்பம்மாள் ஓட்டுவாள்; அவன் இரண்டு தூக்குச்சட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பான். இத்தனைக்கும் அவன் அங்கே ஃபோர்மேன்.

"போர்மேனைக் கொண்டாந்து எறக்கியாச்சாக்கா?" என்று கேட்டில் பெண்கள் கேட்பார்கள். கருப்பம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். ஒச்சப்பனுக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

2004 தீபாவளி சீசன் முடிந்த கையோடு, காரியாபட்டியில் ஒரு குதிரை விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டான். குதிரைக்கு நாலு கால். தானாகவே நிற்கும். கிளம்பிவிட்டான்.

விற்றவர் அய்யாதுரை, கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். குதிரை வெள்ளை, பெயர் ராசாத்தி.

"வெடிக்கு மிரளுமாண்ணே?"

"காதுப் பக்கத்துல சரவெடியைக் கொளுத்துங்க, கண்ணைக்கூடச் சிமிட்டாது. இடப்பக்கமா ஏறுங்க. பின்னால போய் நிக்காதீக. சேணத்து வாரை இறுக்கையில வயித்தை உப்பிக்கிடும். நாலு எட்டு நடத்திட்டு மறுபடி இறுக்கிடணும், மறந்துராதீக."

மறந்துவிட்டான். முதல் நாள் தெருவே கூடி நிற்க, வாரை ஒரே தடவை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். ராசாத்தி மூச்சை விட்டது. சேணம் அவனையும் கூட்டிக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்து வயிற்றுக்கு அடியில் போய் நின்றது. குதிரை தலையைக் குனிந்து, கீழே தொங்குகிறவன் யார் என்று பார்த்தது.

கருப்பம்மாள் வெளியே வந்தாள். "அங்கன என்னத்தைத் தேடுறீக?"

ஆனாலும் அவன் விடவில்லை. தொடை இரண்டும் புண்ணாகி, காலை அகட்டி அகட்டி நடந்தான். கம்பெனியில் நின்றுகொண்டே சோறு தின்றான். மார்கழிக்குள் மெயின் ரோடு வரை விழாமல் போகவும் படித்துவிட்டான். வேகம்தான் இல்லை. எவ்வளவு உதைத்தாலும் ராசாத்தி ஊர்வல நடைதான் நடந்தது. விறகுக்குப் போகிற பெண்கள் அவனைத் தாண்டிப் போனார்கள்.

கம்பெனி கேட்டில் மேனேஜர் மறித்தார். "லாடம் கல்லுல பட்டா பொறி பறக்கும்யா. மருந்து இருக்குற எடம். ஒனக்கே தெரியாதா?"

ஒச்சப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. சட்டைப்பையில் ஒரு இரும்புச் சாவி இருந்தால்கூட ஆளை வெளியே அனுப்புகிறவன் அவன். அன்றிலிருந்து குதிரையை ரோட்டோர வேம்பில் கட்டிவிட்டு, மீதித் தூரம் நடந்தான்.

தை மாத முகூர்த்த நாள் ஒன்றில், கம்பெனிக்குப் போகும் வழியில் அது நடந்தது. சாத்தூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய மண்டபத்தின் முன்னால் பேண்டு செட் முழங்கியது. ராசாத்தியின் காது நிமிர்ந்தது. ஒச்சப்பன் கடிவாளத்தை இழுத்தான், கெஞ்சினான், சாமி பெயரைச் சொன்னான். அது நேராகப் போய் பேண்டுக்கு முன்னால் வாசலைப் பார்த்து நின்றது.

"மாப்பிள்ளை குதிரையில வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடி வந்தார்கள். எங்கிருந்தோ ஒரு மாலை கழுத்தில் விழுந்தது.

"நான் இல்லைம்மா!" என்று அவன் அலறியது டிரம் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"வயசு கொஞ்சம் கூடத்தான் தெரியுது. ஆளு பரவால்ல" என்றாள் ஒருத்தி.

பின்னாலேயே வந்த கருப்பம்மாள் டிவிஎஸ்ஸைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். "ஏத்தா, தட்டை இறக்குங்க! இது எனக்குக் கட்டிவச்ச மாப்பிள்ளை! நீங்க வேற ஆளைப் பாருங்க!"

அதற்குள் நிஜ மாப்பிள்ளை ராம்குமாரின் கார் வந்து ஹாரன் அடித்தது. குதிரை அசையவில்லை. ஆரத்தி சுற்றாமல் அது எந்தக் கல்யாணத்திலிருந்தும் போனதில்லை. கடைசியில் மாப்பிள்ளையே சிரித்தபடி இறங்கி வந்து, "நானே ஏறிக்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

ஒச்சப்பன் வாரை இரண்டு தடவை இறுக்கினான். இடப்பக்கமாக ஏற்றிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். ஆரத்தி முடிந்ததும் ராசாத்தி தானாகத் திரும்பிக்கொண்டது. பெண்வீட்டார் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சாப்பிடாமல் விடவில்லை. அன்று கம்பெனிக்கு லீவு.

அந்தக் கல்யாணத்தில் நடந்தது காரியாபட்டி வரை போய், அய்யாதுரை நேரிலேயே வந்துவிட்டார். ஒச்சப்பன் ஓட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பயத்துல கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே குதிகாலால உதைக்கிறீக. நில்லுங்கிறீகளா, போங்கிறீகளா? அதுக்கு என்னன்னு புரியும்? கையை விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கரிசல்காட்டு வண்டிப்பாதையில் அவன் கையைத் தளர்த்தினான். உயிரே போகிற மாதிரிதான் இருந்தது. ராசாத்தி காதை ஒருமுறை பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு, ஓட ஆரம்பித்தது. பருத்திச் செடிகள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. முகத்தில் காற்று அடித்தது. அவன் வாயிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை.

விழாமல் கண்மாய்க்கரை வரை போய்விட்டான். ஓட்டத்தில் குதிரையைத் திருப்புவதுதான் இன்னும் கைவரவில்லை. இறங்கி, அதன் முகத்தை ஊர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டான்.