தம்பி வயலுக்குப் போன வெள்ளை ஈ

எண்ணெய்க்காரி கிட்டே வந்தாலே எலுமிச்சைப்புல் வாசனை ஆளைத் தூக்கும். "நீ தெருமுனை திரும்பும்போதே என் கடையில ஈ கிளம்பிடுதும்மா, நாள் முழுக்க இங்கேயே உட்காந்துக்கோயேன்" என்று காய்கறிக்கடைக்காரர் கேலி செய்வார்.

எண்ணெய்க்காரி என்ற பேர் வருவதற்கு முன்பே அவளுடைய நிலம் போய்விட்டது. புருஷன் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்த வாரத்தில், அவளுடைய ஒரே தம்பி ஒரு பத்திரத்தோடு வார்டுக்கே வந்தான். "வெறும் பாகப்பிரிவினைதான்க்கா. இன்னைக்கே வேணும்னு ஆபீஸ்ல நிக்கிறாங்க." படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் புருஷன் போய்ச் சேர்ந்தான். அழுது ஓய்ந்து பார்த்தபோது கிணறும் கிணற்றடி நிலமும் தம்பி பேரில் இருந்தன. அவளுக்கு மேட்டுத் துண்டு. கேட்டால், "ஒண்டி ஆளுக்கு இவ்வளவு எதுக்குக்கா?" என்று கையை விரித்தான்.

அதன்பிறகு காலையில் எலுமிச்சைப்புல் எண்ணெய் வடிக்கும் கொட்டகையில் வேலை: கொதிகலனில் புல் அடைப்பது, வெந்த சக்கையை வாரிக் கொட்டுவது. சாயங்காலம் தன் துண்டில் தக்காளி. எல்லார் செடியையும் வெள்ளை ஈ உறிஞ்சித் தீர்த்த வருஷம் அது. கொட்டகையைச் சுற்றி முளைத்த செடிகளில் மட்டும் ஒன்றுகூட இல்லாதது அவள் கண்ணில் பட்டது. மேஸ்திரியிடம் ஒரு பாட்டில் எண்ணெய் கேட்டு வாங்கினாள். சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கித் தெளித்ததில் முதல் வரிசை கருகிப்போனது. குறைத்துக் குறைத்து, பதினாறு லிட்டர் டேங்குக்கு முப்பது மில்லி, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு என்று அளவைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் இலையைத் திருப்பினால் சுத்தம். ஈ ஒன்றும் சாகவில்லை. அந்த எண்ணெய் விரட்டும், அவ்வளவுதான். விரட்டினது வரப்பைத் தாண்டித் தம்பியின் மிளகாய்ச் செடியில் போய் அப்பிக்கொண்டது. வரப்பில் நின்று பார்த்தவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றிலிருந்து மேட்டில் தொடங்கி, ஆடு ஓட்டுகிற மாதிரி தம்பி பக்கமாகவே தெளித்துக்கொண்டு இறங்கினாள்.

மிளகாய் இலையெல்லாம் சுருண்டபோது தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரியில் கூடவே கண்விழித்துக் கிடந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னக்கா ஊத்துறே? எவ்வளவு ஊத்துறே?"

"முந்நூறு மில்லி. உச்சி வெயில்ல அடி, அப்பத்தான் பிடிக்கும்."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணி" என்றாள் பெண்டாட்டி. அப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

இரண்டே நாளில் வயல் முழுக்க வெந்நீர் ஊற்றினாற்போல வாடிச் சரிந்தது. தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை. "நான்தான் சோப்பைச் சரியா கலக்கலை போலிருக்கு" என்று எல்லாரிடமும் சொன்னான். கடனில் கிணற்றடி யார் கைக்கோ போனது. பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் தையல் கம்பெனிக்குப் போனாள். போகுமுன் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு, "இவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணி" என்று அழுதாள்.

தம்பி அக்காவிடமே கூலிக்கு வந்தான். முதல் நாள் டேங்கில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கேட்டான்: "எவ்வளவுக்கா?"

"முப்பது." பழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் அளவு மூடியைப் பிடித்தபடி நின்றான். "முப்பதா?"

தக்காளிக்கு வேறு, மிளகாய்க்கு வேறு என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள். "ஆமா. முப்பதுதான்."

அவன் திட்டுவான், டேங்கைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தாள். முப்பது மில்லியை அளந்து ஊற்றினான். மூடியைத் திருகினான். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டான்.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்?"

"மேட்டுல இருந்து."

ஆறு வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறான். அதற்கப்புறம் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நாலு பேர் இருக்கும்போது, வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "முதலாளியம்மா" என்கிறான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசுகிறது. நிறுத்து என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.