ஆறு ஊசிக்கும் அசையாத ரத்தம்

குற்றாலம் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் டயாலிசிஸ் பிரிவில் என் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. சேரும் முன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரசுக்கு எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. படிக்கும்போதே மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டவள். அரசு மையத்தில் மறுபடி மூன்று போட்டாள். மறுபடியும் இல்லை. வேலை நின்றது.

சுகாதாரத் துறையில் தடுப்பூசி இருப்பைக் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். தப்பு எப்போதும் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும் என்பது எங்கள் பயிற்சி. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த மையத்துப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டின் நகல் வாங்கினேன். காலை நான்கு டிகிரி, மாலை நான்கு டிகிரி. நாள் முழுக்க மின்சாரம் இல்லாத அன்றும் நான்கு டிகிரி.

மகளைக் காட்டிய டாக்டர் அந்தத் தாள்களைப் புரட்டவே இல்லை. அதே பெட்டி ஊசி போட்ட மற்றவர்களுக்கெல்லாம் எதிர்ப்புப் புரதம் வந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"சொந்தத்துலயா கட்டியிருக்கிய, சார்?"

மாமன் மகள். என் அப்பா கட்டியதும் அவருடைய மாமன் மகளைத்தான். வைரசின் துண்டை உடம்புக்கு அடையாளம் காட்டும் மரபணுக்கள் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு வருமாம். ஒன்று கோட்டை விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சொந்தத்தில் கட்டி இரண்டும் ஒரே அச்சாக அமைந்தால் சிலருக்கு எத்தனை ஊசி போட்டாலும் பலிக்காது. இவளுக்கும் அப்படி இருக்கலாம், உறுதியில்லை என்றார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"குத்துக்கல்வலசை வயலு வெளிய போயிரக் கூடாதுன்னு நம்மளக் கட்டி வச்சாவ. வயலு பிளாட்டாப் போயிட்டு. இது மட்டும் போகாம நிக்கி, பாத்தியளா."

டாக்டர் கடிதம் கொடுத்ததும் மருத்துவமனை இறங்கி வந்தது. பதிவு கவுண்டரில் உட்காரலாம். அல்லது, நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தினால் உடனே தெரிவித்து, ஒரு நாளுக்குள் எதிர்ப்புப் புரதத்தையே நேரடியாக ஏற்றும் ஊசி போட்டுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு டயாலிசிஸில் சேரலாம். நான் கவுண்டர் என்றேன். ஊசி குத்தியதைத் தெரிவித்தால் விளக்கம் கேட்பார்கள் என்று பயந்து யாரும் தெரிவிப்பதில்லை. எங்கள் துறையில் எத்தனை பேர் அப்படி மறைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"நான் மறைக்க மாட்டேன்ப்பா," என்றாள் மகள். "அதெல்லாம் ஒங்க ஆபீஸ் வழக்கம்."

படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறதா என்று பின்பக்கம் வரை பார்த்தேன். இல்லை. திங்கட்கிழமை டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தாள்.