பாம்புக்காதுக்காரி

படகு இறக்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. படகு ஏற்றும் டிரெய்லர்களின் சக்கரங்களைப் பார்த்துக்கொடுப்பதுதான் அங்கே அவள் பிழைப்பு. படகை இறக்கும்போது சக்கரமும் தண்ணீரில் முங்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும். அப்புறம் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? அவள் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். "ஓடும்" என்றால் ஓடும். "கழட்டணும்" என்றால் உள்ளே பேரிங் பாழாகித்தான் இருக்கும். துறையில் எல்லோருக்கும் அவள் பாம்புக்காதுக்காரி. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்றால் பொய்.

அந்தக் காதுதான் ஆறு மாதமாகக் காலை வாரிக்கொண்டிருந்தது. முதலில் கதவு தட்டுவது கேட்கவில்லை, பிறகு புருஷன் இருமுவது. விஷயம் வெளியே தெரிந்தால் யார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. சந்தேகம் வந்தால் பேசாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடுவாள். வேலை இரட்டிப்பாகி இடுப்பு ஒடிந்தது.

அன்றைக்கு ஐந்து வண்டிகள். எல்லாவற்றையும் கழற்ற நேரமில்லை. முதலில் நின்றது நாத்தனாரின் டிரெய்லர். வாடகைக்குப் படகு ஏற்றிப்போகிற அவளுக்கு நாக்கு நீளம். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி செய்த எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. மறுநாள் காலையில் மலைப்பாதையில் சவாரி.

சக்கரத்தைச் சுற்றினாள். காது கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போ."

நாத்தனார் நகரவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அது கரகரவென்று அரைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே அண்ணிக்கு விளங்கிவிட்டது. பின்னால் நாலு டிரைவர்கள் நிற்கிறார்கள். இவள் வாயைத் திறந்தால் போதும், இன்றோடு கொட்டகையை மூட வேண்டியதுதான்.

நாத்தனார் பக்கத்தில் வந்து குந்தினாள். வாயைக் காதோடு ஒட்டிவைத்துச் சொன்னாள்:

"வண்டி ஓட்டி ஓட்டி எனக்கும் காது கொஞ்சம் மந்தம்தான் அண்ணி. வழியில நிறுத்தி நான் இப்படித்தான் பாப்பேன்."

அண்ணியின் கையைப் பிடித்து, சக்கரத்துக்குப் பின்னாலிருந்த பட்டை ஸ்பிரிங்கின் மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். நறநறவென்று ஒரு நடுக்கம் விரல் வழியாக முழங்கை வரை ஏறியது. அண்ணி அடுத்த பக்கத்துச் சக்கரத்துக்குப் போய், அதையும் தூக்கிச் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். அது துளி அதிர்வில்லாமல் சுற்றியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விரலெல்லாம் கிரீஸ், புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

முதல் சக்கரத்துக்குத் திரும்பி வந்து மூடியைத் தட்டி, பின்னை உருவி, நட்டைக் கழற்றினாள். பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். புதியதை எடுத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி நிரப்பினாள்.

"என்னக்கா, மொதல்ல நல்லாருக்குன்னீங்க?" என்றார் ஒரு டிரைவர் எதிரே வந்து நின்று. அவர் வாயசைவதை மட்டும்தான் அவள் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

நாத்தனார் எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

"ரெண்டாவது வாட்டி பாத்துக் கண்டுபிடிச்சாங்கய்யா. நீங்கல்லாம் ஒரு வாட்டியாவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா? எங்க அண்ணிக்குப் பாம்புக்காது."

இந்தப் பொம்பளை ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்று டிரைவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அண்ணிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.