சீனவெடியும் நீர்க்காகக் குஞ்சுகளும்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குப் பின்னால், கால்வாய்க்கரை மரம் முழுக்க நீர்க்காகக் கூடுகள். அதன் கீழேதான் மூன்றாம் மாடி அண்ணையின் புதுக் கார் நிற்கும்.

இன்று மத்தியானம் அவர் சீனவெடிக் கட்டோடு இறங்கி வந்தார்.

"அண்ணை, கூட்டில குஞ்சுகள் இருக்கு. சத்தத்துக்குத் தாய் எழும்பிப் பறந்தா, காகம் வந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிடும்" என்றேன்.

"காரைப் பாருங்கோ தங்கச்சி. வெள்ளையடிச்ச மாதிரிக் கிடக்கு. நேற்றுத்தான் கழுவினனான்!"

நெருப்புப்பெட்டியை எடுத்தேவிட்டார். நான் கெஞ்சியது எதுவும் காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பால்கனியிலிருந்து அவருடைய மனைவி, கத்தவும் முடியாமல் அடிக்குரலில் சீறினார்: "இஞ்சருங்கோ! இப்பதான் பிள்ளையை நித்திரையாக்கினனான். வெடி வெடிச்சுதெண்டா நீங்களே வந்து ஆட்டுங்கோ!"

நெருப்புப்பெட்டி பொக்கெட்டுக்குள் போய்விட்டது. மேலே ஒரு நீர்க்காகமும் அசையவில்லை.

அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். கூரைக்குக் கீழே, ஒரு காருக்கான இடத்தில் என் ஸ்கூட்டி மட்டும் நிற்பது கண்ணில் பட்டது.

"உங்களுக்குத்தானே தங்கச்சி பறவையள் எண்டா விருப்பம். ஸ்கூட்டியை மரத்துக்குக் கீழ விடுங்கோவன், நான் காரை உங்கட இடத்தில விடுறன்."

விட்டுவிட்டேன்.

பறவை அபிமானிகளே, எச்சம் போக நீங்கள் என்ன போட்டுக் கழுவுகிறீர்கள்?