பச்சை மைக்குச் சிவப்பு மையில் ஒரு பதில்

மகளைப் பெண் பார்க்க வருகிற சம்பந்தியை, 'ஒன்றும் தெரியாதவர்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தகப்பன் யாராவது உண்டா? உண்டு. அடியேன்தான்.

போன ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பையன் மதுரையில் என் மகளோடு வேலை பார்க்கிறவன். எல்லாம் பேசி முடித்த மாதிரிதான். நடுவில் ஒரு நாவல் வந்து புகுந்துகொண்டது.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம். பழைய நாவல் ஒன்றில் ஒரே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். ஓரத்தில் அவரவர் குறிப்பு எழுத வேண்டும். பெயர் கூடாது, ஆளுக்கொரு நிற மை. அப்போதுதான் கூச்சமில்லாமல் எழுதுவார்களாம். எனக்குச் சிவப்பு. கூச்சம் எனக்கு எப்போது இருந்தது?

இந்த முறை வந்த பக்கத்தில், பல மாதம் ஊர் சுற்றித் திரும்பிய கணவன் சாப்பிட உட்காருகிறான். ரசம் கேட்கிறான். மனைவி அடுப்பைப் பார்க்கிறாள். மறுபடி கேட்கிறான். ஊற்றுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

ஓரத்தில் பச்சை மை: 'குடும்பப் பெண்ணின் பொறுமை. கணவன் திரும்பிவந்த நிறைவில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.'

எனக்குத் தாங்கவில்லை. 'முதல் தடவை கேட்டபோது ஏன் ஊற்றவில்லை? சமையல்தான் முடிந்துவிட்டதே, அடுப்பில் என்ன வேடிக்கை? கொதிப்பது அவள்! இதை எழுதியவர் கல்யாணம் ஆகாதவர். அல்லது ஆகியும் ஒன்றும் தெரியாதவர்' என்று எழுதி, கடைசி வரிக்கு அடிக்கோடும் போட்டு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை, வட்டத்தை நடத்தும் மருந்துக்கடை நண்பர் போன் செய்தார்.

"சார், பச்சை மை யாருன்னு தெரியுமா? ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி யாவாரம் பண்ற அண்ணாச்சி. புதுசாச் சேர்ந்தவரு. நாளைக்கு உங்க வீட்டுக்குத்தான் வாராகளாமே?"

"அந்தத் தாள் இப்ப எங்கய்யா இருக்கு?"

"ரெண்டாம் சுத்துக்கு அவருகிட்டயே போயிருச்சே. சிவப்பு நீங்கதான்னு ஊருக்கே தெரியும்."

மகளிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. நாளைக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது" என்றாள்.

வந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. காபி குடித்து முடித்ததும் சம்பந்தி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மகள் முகம் வெளுத்துவிட்டது.

"இது நீங்க எழுதுனதா?"

தலையை ஆட்டினேன்.

பேசியது அவர் மனைவி. "ஆர்டர் பிடிக்கேன்னு வடக்க போனா, வாரக்கணக்குல வீடு திரும்ப மாட்டாக அண்ணே. நான் பேசாம இருந்தா, சந்தோசமா இருக்கேன்னு நெனைச்சுக்கிடுவாக. நேத்து இதைக் காட்டி, 'ஒனக்கும் அப்படித்தான் இருந்துச்சா?'ன்னு கேட்டாக பாருங்க... பொறவு நான் பேச ஆரம்பிச்சதுலதான் இன்னைக்குக் கிளம்பவே லேட்டு."

சம்பந்தி தலையைச் சொறிந்தார். "ஆகியும் தெரியாதவன்தான். ஒத்துக்கிடுதேன்."

"இம்புட்டு விவரமான சம்பந்தி வேற எங்க கிடைப்பாக?" என்றார் அந்த அம்மா.

"விவரமா? இவுகளா?" என் மனைவி காபி டம்ளர்களை எடுத்தபடியே சொன்னாள். "பொம்பளை புஸ்தகத்துக்குள்ள இருந்தா நல்லாப் புரியும் இவுகளுக்கு."

முதலில் சிரித்தது மகள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். முன்பின் தெரியாத ஒருத்தியின் மௌனத்துக்கு ஓரம் கொள்ளாமல் உரை எழுதுகிறோம். பக்கத்து அறையில் இருப்பவள் பேசாவிட்டால்... அப்பாடா, அமைதி என்று டிவியைப் போடுகிறோம்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போகிறது — ப்ரூஃபை என் கண்ணில் காட்டக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள்.