உப்புத் தோலில் வந்திறங்கிய மஞ்சள்

தோல் கருகுகிற வாடை மற்ற வாடைகளைப் போல மூக்கோடு நின்றுவிடுவதில்லை; உள்ளே இறங்கி நாக்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வருடம் மார்ச் பிறந்தும் மும்பையை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் குளிரில், செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன், அட்டையும் தேங்காய் மட்டையும் போதாமல் யாரோ வீசியெறிந்த பழைய தோல் செருப்பு ஒன்றையும் நெருப்பில் போட்டுவிட, மூன்றாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலின் பின்னாலேயே பிலோமியும் ஞாபகத்தில் வந்தாள், ஒரு கையில் ஊறுகாய் போத்தலோடு.

பிலோமி என்கிற பிலோமினா, தாராவியில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. அடுத்த வீடு என்றால் நடுவில் ஒரு தகரம்; அவர்கள் வீட்டு ஜெபம் எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டிலும் சொல் பிசகாமல் கேட்கும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். என் அப்பா குர்லாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். அவள் அப்பா நடந்தே போகிற தூரத்தில் இருந்த தோல் கிடங்கில், வெட்டுமிடத்திலிருந்து வந்து இறங்கும் ஆட்டுத் தோல்களுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற வேலையில் இருந்தார். அந்த வேலையின் வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்து, அவர்கள் பாய், தலையணை, பிலோமியின் பின்னல் என்று எல்லாவற்றிலும் குடியேறியிருந்தது. எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. வசதியுள்ளவர்கள் குடியிருந்த மாட்டுங்காவில்தான் அதற்கு நாற்றம் என்று பெயர்.

நாங்கள் ஒரே வகுப்பில் படித்த அந்த வருடமும் குளிர் இப்படித்தான் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது. "தண்டி ஜாஸ்தி" என்று இந்தியில் குளிரைத் திட்டிக்கொண்டே சந்தில் ஆண்கள் சாயங்காலமானால் "சேக்கோட்டி" என்கிற தீயை மூட்டிக் குளிர்காய்வார்கள். விறகுக்கு எங்கே போக, பட்டறைகளில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைத்தான் எரிப்பார்கள். அந்தப் புகையில் ஊறிக் காய்ந்த சீருடையைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் மாட்டுங்காவில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது எங்கள் அம்மாக்கள் ஒரு காரியம் செய்வார்கள். பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கழுத்தில், கக்கத்தில், சட்டைக் காலரின் உள்பக்கத்தில், சோற்றுப் பையில்கூடத் தட்டுவார்கள். "மாட்டுங்காவுக்குப் போற பிள்ளைக்கு இங்கத்த வாடை அடிக்கப்பிடாது" என்பது எங்கள் சந்தின் பொதுச் சட்டம். சந்தை விட்டு வெளியே போகிற எதுவும், கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் குடம் உட்பட, பவுடர் பூசாமல் போனதில்லை.

அப்படியும் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பிலோமியைக் கடைசி பெஞ்சில், கதவோரமாக உட்கார வைத்தார். "காத்து வரட்டுமேன்னுதான்" என்றார், யாருக்குக் காற்று என்று சொல்லாமல். பிலோமிக்குத் தூரத்து எழுத்து மங்கல். கண்ணாடி போட்டால் தெரியும் என்கிற விஷயம் எங்கள் சந்தில் கிழவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், அவளை எல்லோரும் மக்கு என்று முடிவு கட்டியிருந்தார்கள். கரும்பலகையில் கணக்கு இருக்கிறதா, வெறும் சுண்ணாம்புத் தூசி இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது. அரைப் பரீட்சையில் தவறியிருந்தாள். முழுப் பரீட்சையிலும் தவறினால் உல்லாஸ்நகரில் தையல் கடை வைத்திருந்த சித்தியிடம் காஜா எடுக்க அனுப்பிவிடுவதாக வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நானும் அதைக் கேட்டேன்.

அப்போதுதான் டீச்சர் வசந்த காலப் பாடத்தை எடுத்தார். படத்தில் காட்டினால் போதாது, உயிரோடு ஒரு பட்டாம்பூச்சி வேண்டும் என்று அவருக்கு ஆசை. "யார் மொதல்லே கொண்டு வராளோ, அவ பரீட்சை வரைக்கும் இஷ்டப்பட்ட எடத்துலே உக்காந்துக்கலாம்" என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பிலோமி மட்டும் அன்று பஸ்ஸிலிருந்து தாராவியில் இறங்கியதும் என் கையைப் பிடித்து, "ஏட்டி கோமு, மொத பெஞ்சுல இருந்தா எழுத்து எம்புட்டு பெருசா தெரியும்?" என்று கேட்டாள்.

குளிரில் பூச்சி எங்கே வரும்? மாட்டுங்காவின் பூங்காக்களில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கடையில் வாங்கிய வலைகளோடு சுற்றி வெறுங்கையோடு திரும்பினார்கள். நாங்களும் ஒரு சனிக்கிழமை போய்ச் செம்பருத்திச் செடி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தோம். எறும்புகூட விறைத்துப்போய் நகர மறுத்த காலை அது. எங்கள் காலைப் பார்த்தானோ உடுப்பைப் பார்த்தானோ, தோட்டக்காரன் "ஏய், சலோ, பாஹர்!" என்று தண்ணீர்க் குழாயைத் திருப்பினான். நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே பிலோமி சொன்னாள்: "இந்தச் சவத்துப் பூவுல என்னத்தத் தேட? அப்பா கிடங்குக்கு வா. அங்கன வரும்."

தோல் கிடங்கை நான் அதற்கு முன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மயிரும் கொழுப்பும் ஒட்டிய தோல்கள் என் உயரத்துக்குமேல் அடுக்கியிருக்க, அடுக்குகளின் அடியிலிருந்து உப்பும் இரத்தமும் கலந்து இளஞ்சிவப்பாக ஒரு நீர் கசிந்து, முற்றத்து மண்ணில் பரவி, சுண்ணாம்புத் தொட்டியின் வெள்ளைச் சேற்றோடு சேர்ந்து, சாக்கடைக்குப் போகிற வழியெல்லாம் ஈக்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் அடுப்பின் சூட்டில் முற்றத்து மதில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்த மதிலைத் தொட்டு இறங்கிய நேரத்தில் பார்த்தேன், அந்த இளஞ்சிவப்புச் சேற்றின்மேல் மஞ்சள். எலுமிச்சைத் தோல் நிறத்தில், சிறகை மூடித் தலையைக் குனிந்து, ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு ஒரு கூட்டமே அமர்ந்திருந்தது. தேன் குடிக்கும் என்று பாடப் புத்தகம் சத்தியம் செய்த அந்தச் சுருள் நாக்கை நீட்டி, ஆட்டு இரத்தமும் உப்பும் கலந்த நீரை அவை உறிஞ்சிக்கொண்டிருந்தன, பந்தியில் உட்கார்ந்தவர்களின் நிதானத்தோடு.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"நல்லாருக்கே கத! பூச்சி தின்னுது, நீ கக்குத!" என்று பிலோமி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா முழங்கை வரை உப்போடு தலையை நீட்டி, "தோலை மிதிச்சிராதீங்கட்டி, சேட்டு வந்தா என்னைய உரிச்சுருவான்" என்றார். வெயில் ஏறாத பூச்சிகளுக்குப் பறக்கச் சோம்பல். பிலோமி சேற்றில் மண்டியிட்டு, பூப்பறிப்பது போல இரண்டு விரலால் எடுத்து எடுத்து, மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் போத்தலில் இட்டாள்.

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போமோ என்னவோ. திங்கட்கிழமை காலையில் பிலோமியின் அம்மா போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "அந்தோனியாரே, இந்த நாத்தத்தோடயா டீச்சர் கையில குடுக்கப் போறீய?" என்றார். மாட்டுங்காவுக்குப் போகிற எல்லாவற்றுக்கும் செய்வதை அதற்கும் செய்தார். பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, எங்கள் கழுத்தில் தட்டிய அதே அக்கறையோடு, போத்தலுக்குள் நாலு தட்டுத் தட்டினார்.

வகுப்பில் டீச்சர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறுக்க மாட்டேன். "அட, வெள்ளை வெளேர்னு என்ன அழகா இருக்கு! எல்லாரும் பாருங்கோடி!" பிலோமி முதல்முறையாகக் கரும்பலகைக்கு அருகில் நின்றாள். அவள் கண் டீச்சர் மேல்கூட இல்லை. பலகையில் எழுதியிருந்ததை உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிக்க முடிந்த சந்தோஷத்தில், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"வெள்ளை இல்ல டீச்சர், மஞ்சக் கலரு. வாடை அடிக்குமேன்னு எங்கம்மா பவுடர் போட்டிச்சு."

"என்ன வாடைடி?"

"தோல் வாடை டீச்சர். எங்கப்பா கிடங்குல இருந்துச்சு. உப்புத் தண்ணி, ரத்தத் தண்ணி எல்லாம் குடிக்கும்."

வகுப்பு முழுவதும் "ஈஈ" என்றது. அந்தச் சத்தத்தை நான் இந்த ஊரில் எத்தனையோ இடங்களில் பிறகு கேட்டுவிட்டேன், மாகிம் பாலத்தைக் கடக்கிற டாக்ஸிகளில், கண்ணாடியை ஏற்றிவிடும் கைகளில். ஆனால் முதலில் கேட்ட இடம் அதுதான். டீச்சர் போத்தலை இரண்டு விரலால் மேசையில் வைத்தார். பியூனைக் கூப்பிட்டு வெளியே எறியச் சொன்னார். வராந்தாக் குழாயில் சோப்புப் போட்டு, விரல் விரலாக, மோதிரத்தைக் கழற்றி அதன் அடியிலும் கழுவிவிட்டு வந்தார். "அழகான ஒரு ஜந்துவைக்கூட அசிங்கம் பண்ணிட்டேளே" என்றார்.

பிலோமி நகராமல் நின்றாள். "மொத பெஞ்சு, டீச்சர்?"

"போய் உன் எடத்துலே உக்காரு."

இடைவேளையில் குப்பைத் தொட்டியிலிருந்து போத்தலை எடுத்து, பவுடர் அப்பிய பூச்சிகளை உள்ளங்கையில் கொட்டி, பிலோமி வாயால் ஊதி ஊதிப் பார்த்தாள். பவுடர் பறந்தது, பூச்சிகள் பறக்கவில்லை. ஒன்றே ஒன்று தள்ளாடி அவள் மணிக்கட்டில் ஏறி, நாக்கை நீட்டி அவள் வியர்வையை உறிஞ்சத் தொடங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் தோலை அருவருக்காத உயிர் அது ஒன்றுதான் என்று எழுத எனக்கு ஆசை. நானும் பக்கத்தில் நின்றேன் என்பதால் எழுதாமல் விடுகிறேன். அடுத்த வாரம் ஒருத்தி, அவள் மாமா எங்கிருந்தோ வாங்கி வந்த கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டு வந்தாள். உள்ளே நெஞ்சில் குண்டூசி ஏறிய ஒரு செத்த பூச்சி, அந்துருண்டை வாடையோடு. அதை டீச்சர் முகர்ந்தே பார்த்தார். அவளுக்கு முதல் பெஞ்சு கிடைத்தது. அவள் ஏற்கெனவே இரண்டாம் பெஞ்சில்தான் இருந்தாள்.

பிலோமி பரீட்சையில் தவறினாள்.

தாராவியில் இப்போது அந்தத் தோல் கிடங்குகள் இல்லை. ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். எங்கள் சந்தில் பிளாஸ்டிக்கை உருக்குகிறார்கள், துணி தைக்கிறார்கள், அடுத்து என்ன கட்டப்போகிறார்கள் என்று நின்று நின்று பேசுகிறார்கள். தோல் வாடை மட்டும் உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டது. கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் கைப்பையைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு இழுத்து, "ஒரிஜினல் லெதர்" என்று பெருமூச்சு விடுகிற பெண்களைப் பார்க்கும்போது, அந்தக் கிடங்கு மதிலைப் பிடித்து நின்றபோது வந்தது திரும்பவும் வருகிறது எனக்கு.

எங்கள் கட்டடத்திலும் போன வருடம் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட்டார்கள், பெயர்ப் பலகையும் சிமெண்டு பெஞ்சுமாக. இந்தக் குளிரில் ஒன்றுகூட வரவில்லை. லிஃப்டில் செக்ரட்டரி என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இவ்ளோ காஸ்ட்லி செடி வெச்சும் ஏன் மேடம் வரமாட்டேங்குது?"

"மீன் கழுவின தண்ணியில உப்பைக் கரைச்சு, வெயில் படுற மண்ணுல ஊத்துங்க. கொஞ்சம் மாட்டு மூத்திரமும் கிடைச்சா நல்லது."

சொல்லும்போதே அவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய்விட்டார். "சீச்சீ... வேற டீசன்ட்டா ஏதும் வழி இல்லையா மேடம்?"

இல்லை என்றேன். மறுநாள் பார்த்தால், செடிகளில் கம்பி சுற்றி நெகிழிப் பூச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை எதையும் குடிப்பதில்லை.

பிலோமியைக் கடைசியாகப் பார்த்தது சயான் ஸ்டேஷனில், அந்த மே மாதம். சித்தி தகரப் பெட்டியோடு முன்னால் நடக்க, சந்திலிருந்து ஸ்டேஷன் வரை நானும் அவளும் கைகோத்துக்கொண்டு போனோம்; வெயில் அடித்ததில் இரண்டு கையும் வியர்த்து வழுக்கியது, அப்படியும் விடவில்லை. உல்லாஸ்நகர் வழியாகப் போகிற அம்பர்நாத் வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் சித்தி அவளை இடித்துத் தள்ளி ஏற்றினாள். அவள் ஏதோ தேடுவது போல என் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தபோது கைகள் தாமாக விட்டுப் போயின. கூட்டத்துக்கு மேலாகக் கழுத்தை எக்கி, சிரித்துக்கொண்டா இல்லையா என்று சொல்ல முடியாத முகத்தோடு, அவள் கத்தினாள்:

"வீட்டுக்குப் போனதும் கையக் கழுவிரு, கோமு. மறந்துராத, என்ன?"