சரி, வேண்டாம்

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் விசிலக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். வாழ்நாளில் தன் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன் அந்த பஸ்தான் என்று அவளே சொல்வாள்.

பொய்யில்லை. பத்தாம் வகுப்போடு போதும் என்று படிப்பை நிறுத்தியது அப்பா. மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தது மாமா. புருஷன் போன பிறகு, அவர் பார்த்த வேலையை டிப்போவில் இவள் கையில் கொடுத்தார்கள். மகன் வெளிநாடு போவதைக்கூட விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னான். "என்கிட்ட யாரு எதைக் கேட்டாங்க? மிச்சச் சில்லறையைத்தான் கேட்டாங்க" என்று சிரிப்பாள்.

அதனால்தான் இணையத்தில் தெரு மன்றம் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் ஏற்பாடு செய்தது அது. தெருவில் குடியிருக்கும் யாரும் ஃபோனில் ஒரு விஷயத்தை எழுதலாம். ஒரு வாரம் எல்லோரும் பேசலாம். கீழே இரண்டு பொத்தான்: 'சரி', 'வேண்டாம்'. எது அதிகமோ அதைச் செய்துதருவதாக நகராட்சி ஒப்புக்கொண்டிருந்தது. கவுன்சிலர் வீட்டு வாசலில் கால்கடுக்க நிற்கிற வேலை ஒழிந்தது.

அக்கா வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் பொத்தான் அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். "வீட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு, வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் ஒரு ஓட்டு. புரியுதா?" என்பாள். விளக்கு வந்தது, குப்பைத்தொட்டி வந்தது, வேகத்தடை வந்தது. தெருநாய் விஷயத்தில் மட்டும் ஆட்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி அழுத்தினார்கள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன விளையாட்டா இது? டிக்கெட் கிழிச்சா கிழிச்சதுதான்!" என்று எழுதினாள். அதுவே விதியானது. அழுத்தியதை மாற்ற முடியாது.

இந்த 'சரி' என்ற சொல் இருக்கிறதே, அதை நம்பவே கூடாது. "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்றால் "சரி" என்கிறோம். சம்மதமா அது? காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஃபோனை வைக்கும்போது சரி, சண்டையை முடிக்கும்போதும் "சரி, விடு". மன்றத்திலும் அப்படியே ஆகிப்போனது. எதைப் படித்தாலும், படித்ததற்கு அடையாளமாக ஒரு 'சரி'. வந்த விஷயமெல்லாம் எல்லோருக்கும் வேண்டியதாகவே இருந்ததால் அதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

தெருக்கோடியில் ஒரு மதில். அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி. அந்தப் பக்கம் பின்சந்து, அங்கே அக்காவின் தங்கை தனியாக இருந்தாள். கண்ணில் அழுத்தம் என்று தினமும் மாலையில் சொட்டு மருந்து விடச் சொல்லியிருந்தார்கள். கை நடுங்கும், தானே விட்டால் கன்னத்தில்தான் விழும். அதனால் மருந்துப் புட்டியோடு வழியில் நுழைந்து வந்து, அக்கா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாந்து உட்காருவாள். விட்ட பிறகு கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. மூடியபடியே வம்பு பேசுவாள்.

"அக்கா, நீ குண்டாயிட்டே."

"கண்ணை மூடிட்டு எப்படிடி தெரியுது?"

"மூச்சு வாங்குறது கேக்குதே!"

எதிர்வீட்டில் இருக்கும் எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அக்கா அப்படிச் சிரித்தது தங்கையிடம் மட்டும்தான்.

ஒருநாள் மன்றத்தில் ஒரு விஷயம் வந்தது: 'பின்சந்து வழியை அடைப்பது பற்றி.' அந்த வழியில் பைக்குகள் சீறிப் பாய்வதும், யாரோ ஒருவர் கையிலிருந்து ஃபோனைப் பறித்துக்கொண்டு ஓடியதும் உண்மைதான். அக்கா படித்தாள். 'பற்றி' என்றுதானே இருக்கிறது, பேசத்தானே போகிறார்கள் என்று நினைத்தாள். வழக்கம்போல 'சரி' அழுத்தினாள். கீழே 'பேசலாம்' என்றும் எழுதினாள். தெருவில் பாதிப்பேர் அதையேதான் செய்தார்கள். யாரும் பேசவில்லை. வாரம் முடிந்ததும் செங்கல் வந்து இறங்கியது.

அக்கா பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள்.

"தம்பி, படிச்சேன்னுதான் அழுத்தினேன். அடைக்கச் சொல்லி அழுத்தலை."

"சரின்னா சரிதானேக்கா?"

"என்னோடதை மட்டுமாவது மாத்து."

"மாத்தக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அக்கா திரும்பி வந்தாள்.

சுவரில் ஒரு சின்னக் கதவாவது வைக்கலாம் என்று அவள் மறுபடி எழுதினாள். இந்த முறை எல்லோரும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அதற்குள் பைக் தொல்லை போய், பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடத் தொடங்கியிருந்தார்கள். 'வேண்டாம்' ஜெயித்தது. அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை. தங்கைக்கு ஓட்டில்லை. பின்சந்து வேறு வார்டு.

அதன் பிறகு அக்காதான் போய்வந்தாள். மெயின்ரோட்டைச் சுற்றி, மேம்பாலப் படியேறி இறங்கி. காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்களில் நரம்பு சுருண்டு கிடந்தது. ஒருநாள் கால் வீங்கி, எழுந்திருக்கவே முடியவில்லை. ஃபோன் போட்டாள், தங்கை எடுக்கவில்லை. "மருந்து விடாமலே தூங்கிட்டா, சோம்பேறி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் பின்சந்துக்காரர்கள் கதவை உடைத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தவள், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறாள். வழி மட்டும் இருந்திருந்தால், மாலையில் அந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்ததுமே அக்கா தவழ்ந்தாவது போயிருப்பாள். தங்கை பிழைத்திருப்பாளா, தெரியாது. தனியாகச் செத்திருக்க மாட்டாள்.

எடுத்துப் போட்டுவிட்டு வந்தோம். யாரோ நல்ல மனதோடு மன்றத்தில் எழுதியிருந்தார்கள்: 'நம் விசிலக்காவின் தங்கை காலமானார்.' எதை எழுதினாலும் கீழே தானாக வந்து நிற்கும் அந்த இரண்டு பொத்தானும் வந்து நின்றன. தெருவே படித்திருந்தது. சரி. சரி. சரி. வரிசையாகச் சரி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காதில் விழுந்தது என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை வாங்கப் போனேன், தரவில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு 'வேண்டாம்' மேல் அழுத்தினாள். அதற்கு நேரே ஒன்று என்று விழுந்தது.

"இதை மாத்த முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

"முடியாதுக்கா" என்றேன்.